6. வட்டமிடாத கிளைடர்

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் துப்பறியும் நிபுணர் தரையில் குப்புறப் படுத்திருந்தார்.

துப்பு எதையும் மோப்பம் பிடிப்பதற்காக அல்ல. நகர வரைபடம் மேசையைவிடப் பெரியது. தரையில்தான் விரிக்க முடிந்தது. விரித்த வரைபடத்தின் நடுவில் கோடு போட வேண்டுமென்றால், முப்பத்து நான்கு வருடம் நில அளவைத் துறையில் நிமிர்ந்தே நடந்த சர்வேயருக்குக்கூடக் குப்புறப் படுப்பதைத் தவிர வேறு வழியில்லை. படுத்த நிலையிலும் முதுகை நேராகத்தான் வைத்திருந்தார். அதில் மட்டும் அவர் விட்டுக்கொடுப்பதில்லை.

"அத்தான், மூச்சு விடுறீங்களா, இல்ல அக்காவைக் கூப்பிடட்டுமா?" என்று நாற்காலியிலிருந்து கேட்டான் மச்சினன்.

"கோடு போடும்போது பேசாதே."

மச்சினன் பேசாமல் பன்னைக் கடித்தான். மனைவியின் கடைசித் தம்பி. பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செட் செய்து கொடுப்பது அவன் தொழில். அதனால் ஊர் முழுக்க அவனுக்குப் பல்செட் என்றே பெயர். மற்றவர்கள் வாய்க்குக் காலையெல்லாம் உழைத்துவிட்டு, மாலையில் தன் வாய்க்கு வேலை தேடி அக்கா வீட்டுக்கு வருவான். சர்வேயர் ஓய்வுபெற்று வாசலில் 'தனியார் விசாரணை' என்று பலகை மாட்டிய நாள் முதல் அவன்தான் உதவியாளர். சம்பளம் கேட்டதில்லை. சிரிப்பதற்கு இவ்வளவு கிடைக்கிற இடத்தில் சம்பளம் வேறு கேட்பது நியாயமில்லை என்பான்.

இதுவரை ஐந்து வழக்குகள். மூன்று காணாமல் போன பூனைகள். அவற்றில் இரண்டு தாமாகவே வீடு திரும்பின. மூன்றாவது பக்கத்து வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, வர மறுத்துவிட்டது. நான்காவது ஒரு குடை. ஐந்தாவது சர்வேயரின் சொந்த மூக்குக்கண்ணாடி. அதைக் கண்டுபிடித்தது பல்செட்.

ஆறாவது வழக்கு அப்படிப்பட்டதல்ல. இது குடும்ப மானம்.

"அந்தப் பன் எங்க வாங்கினே?" என்றார் சர்வேயர், தலையைத் தூக்காமல்.

"பேக்கரியில."

"எந்த பேக்கரியில?"

"ஊர்ல இருக்கறதே ஒண்ணுதானே அத்தான். எதிரி வேற, பன் வேற."

அந்த பேக்கரிக்காரர்தான் குற்றம் சாட்டப்பட்டவர். குற்றம் சாட்டியது சர்வேயரின் மருமகள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். மகன் கப்பல் வேலையில் பாதி வருடம் கடலில் இருப்பதால் வீட்டின் பாதி அறைகளைத் தன் பொழுதுபோக்குக்கு எடுத்துக்கொண்டவள். அவள் பொழுதுபோக்கு ராக்கெட் கிளைடர்.

அதைப் பற்றிச் சர்வேயருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பால்சா என்ற இலேசான மரத்தை இழைத்து இழைத்து, ஒரு கடிதத்தின் எடைக்கு ஒரு குட்டி விமானம் செய்வார்கள். மூக்கின்மேல் கட்டைவிரல் கனத்தில் அட்டைக்குழாய் ஒன்று மாட்டுவார்கள். அதுதான் ராக்கெட். பொத்தானை அமுக்கினால் இரண்டு வினாடியில் ஆகாயத்துக்குப் போகும். உச்சியில் குழாய் தானாகக் கழன்று ஒரு நாடாவோடு விழும். விமானம் மட்டும் மிதந்து மிதந்து இறங்கும். யாருடையது அதிக நேரம் மிதக்கிறதோ அவருக்குக் கோப்பை. வயது வந்த மனிதர்கள், வேலை வெட்டி உள்ளவர்கள், இதற்கு ஒரு சங்கம் வைத்துச் செயலாளரும் வைத்திருக்கிறார்கள் என்பதை முதலில் கேட்டபோது சர்வேயர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் அறைக்குப் போனார். அதன்பின் அவர் எதையும் கேட்டதில்லை.

போன வருடம் மருமகள் இரண்டே வினாடியில் பேக்கரிக்காரரிடம் தோற்றாள். இந்த வருடம் முழுக்க மூன்று கிளைடர் செய்தாள். இரண்டு பயிற்சியில் உடைந்தன. மூன்றாவது, மிகச் சிறந்தது, போன ஞாயிறு தகுதிச் சுற்றில் உயரே போய், குழாயைக் கழற்றிவிட்டு, மைதானத்தைச் சுற்றி வட்டமிடாமல் நேரே சுவரைத் தாண்டி நகருக்குள் போய் மறைந்தது.

"யாரோ கை வெச்சிருக்காங்க" என்று மருமகள் அங்கேயே சொன்னாள். பறப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் பேக்கரிக்காரர் அவள் பெட்டியின் மூடியை மூடிக்கொண்டிருந்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அதையும் சொன்னாள். எல்லோரும் கேட்கச் சொன்னாள்.

கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சங்கச் செயலாளர் அம்மாள் விதிப் புத்தகத்தைத் திறந்தார். கட்டியவர் கை தவிர வேறு கை பட்ட மாடலுக்குப் போட்டியில் இடமில்லை. அடுத்தவர் மாடலில் கை வைத்தவருக்குச் சங்கத்திலேயே இடமில்லை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆதாரம் வந்தால் பேக்கரிக்காரர் வெளியே. வராவிட்டால் மருமகள் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் அவள் பெயர் இருக்காது.

அன்று மாலை மருமகள் சாப்பிடாமல் படுத்தாள். சர்வேயர் கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தார்: "நம்ம வீட்டுல பொய் சொல்றவங்களும் கிடையாது. எழுத்துல மன்னிப்புக் கேக்கறவங்களும் கிடையாது. வழக்கை நான் எடுத்துக்கறேன்."

முதல் வேலையாக வீட்டில் இருந்தவர்கள் அத்தனை பேரையும் தனித்தனியாக உட்காரவைத்து, கிளைடரைத் தொட்டீர்களா என்று விசாரித்தார். மனைவி, பாத்திரம் தேய்க்க வருபவள், மீட்டர் பார்க்க வந்தவர், பல்செட். பல்செட்டை மட்டும் இரண்டு முறை. யாரும் தொடவில்லை. ஆகவே குற்றம் வெளியே நடந்தது என்று குறித்துக்கொண்டார்.

இப்போது கோடு முடிந்தது. அவர் எழுந்து வேட்டியைத் தட்டினார். சுவரில் சாய்ந்திருந்த நாட்காட்டியை நேராக்கினார்.

"பாரு. மூணு சாட்சி. டீக்கடைக்காரர் அது மணிக்கூண்டுக்கு இடது பக்கமா மறைஞ்சதுங்கறார். செயலாளர் அம்மா தண்ணித் தொட்டிக்கு வலது பக்கமாங்கறாங்க. ரெண்டு பேரும் நின்ன இடத்துலேருந்து ரெண்டு கோடு போட்டா இங்க வெட்டுது. மூணாவது நம்ம வீட்டுப் பொண்ணு. அவ நின்ன இடத்துலேருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு போட்டு நீட்டினா, கிளைடர் இந்தக் கோட்டு மேலதான் எங்கயோ கிடக்கணும்."

"காத்துல போறது கோட்டு மேலயா போகும்? என் செருப்பே நேரா போறதில்ல."

"அங்கதான்டா விஷயம். மூணு பேரும் தனித்தனியா ஒரே வார்த்தை சொன்னாங்க. கோடு போட்ட மாதிரி போச்சாம்." சர்வேயர் மீசையைத் தடவினார். "கோடு போட்ட மாதிரி போனதைக் கண்டுபிடிக்கறதுக்குக் கோடு போடத் தெரிஞ்சவன் வேணும்."

பல்செட் பன்னின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

கோடு வரைபடத்தில் நேராக இருந்தது. நகரம் அப்படி இல்லை. தெருக்கள் வளைந்தன, முட்டின, திரும்பி வந்தன. பின் இருக்கையில் சர்வேயர் ஒரு கையில் திசைகாட்டியும் மறு கையில் வரைபடமுமாக விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், கொஞ்சம் குனிஞ்சு உக்காருங்க. காத்தை மொத்தமா நீங்களே பிடிக்கறீங்க. வண்டி ஏறமாட்டேங்குது."

"நான் குனியறதில்ல."

"அப்ப இறங்கித் தள்ளுங்க."

மேடு முடியும்வரை இறங்கித் தள்ளினார். நிமிர்ந்தபடியே.

கோட்டின் மேலிருந்த முதல் வீட்டில் கோட்டுக்கு நேராகக் குளியலறை இருந்தது. உள்ளே ஒருவர் குளித்துக்கொண்டிருந்தார். வெளியே நின்று சர்வேயர் அதிகாரக் குரலில் வழக்கை விளக்கினார். உள்ளேயிருந்து ஒரு குவளைத் தண்ணீர் ஜன்னல் வழியாகப் பதிலாக வந்தது. இரண்டாவது இடம் பூட்டிய கிடங்கு. கூரை சாய்வானது, தெருவிலிருந்தே முழுக்கத் தெரிந்தது, காலி. மூன்றாவது ஒரு லாண்டரி.

லாண்டரிக்கார அம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல் அவர்களை மேலும் கீழும் பார்த்தார்.

"சின்ன விமானமா? தகரக் கூரை மேல கிடக்கு. ரெண்டு."

"ரெண்டா?" என்றார் சர்வேயர்.

"ஒண்ணு போன ஞாயித்துக்கிழமை டொக்குனு விழுந்துச்சு. மறுநாள் சாயங்காலம் இன்னொண்ணு. தினம் வர ஆரம்பிச்சா வாடகை கேக்கலாம்னு இருந்தேன்."

"அதுல போன் நம்பர் எழுதியிருக்குமேம்மா, ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே?" என்றான் பல்செட்.

"நம்பர் பாக்கணும்னா மேல ஏறணும். ஏணியில ஏறுற வயசா எனக்கு?"

அவருக்கு நாற்பது இருக்கும். சர்வேயருக்கு அறுபத்தேழு. பல்செட்டுக்கு உயரம் என்றால் தலை சுற்றும். அவன் ஏணியின் அடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். சர்வேயர் ஏறினார்.

கூரையின் ஓரத்தில், மழைநீர் வடியும் தகரத்தில் மூக்கை முட்டிக்கொண்டு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கிளைடர்கள். ஒன்று நீல இறக்கை, மருமகளுடையது. மற்றது வெண்ணெய் நிறம். இறக்கையில் கோதுமைக் கதிர் ஒட்டியிருந்தது. அந்தக் கோதுமைக் கதிர் பல்செட் தினமும் கசக்கிப் போடும் பன் பையிலும் இருக்கும்.

இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். இரண்டிலும் ஒரு கீறல் இல்லை. லாண்டரி மேசையில் வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"முடிஞ்சுது" என்றார். "பேக்கரிக்காரனோட விமானம் எதுக்கு இங்க வரணும்? முதல்ல தன்னோடதுல வேலையைக் காட்டிப் பாத்திருக்கான். எங்க போய் விழுதுன்னு பாத்துக்கிட்டு, அப்புறம் நம்ம பொண்ணோடதுல கை வெச்சிருக்கான்."

"அத்தான், நம்மளுது ஞாயித்துக்கிழமை விழுந்துச்சு. அவரோடது திங்கக்கிழமை. தப்பு பண்ணிட்டு மறுநாள் ஒத்திகை பாக்கற ஆளை நான் கேள்விப்பட்டதில்ல."

சர்வேயர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார்.

"அதுவும் தன்னோட விமானத்தைத் தொலைச்சுக்கிட்டு" என்றான் பல்செட். "போட்டிக்கு ஆறு நாள் இருக்கறப்ப. அவ்வளவு தியாகியா அவரு?"

"பொண்ணுக்குப் போனைப் போடு."

பல்செட் கைபேசியை எல்லோரும் கேட்கும்படி மேசையில் வைத்தான். இரண்டாவது மணியிலேயே மருமகள் எடுத்தாள்.

"கிடைச்சுடுச்சும்மா" என்றார் சர்வேயர். குரலில் பெருமையை அடக்க அவர் முயலவில்லை.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "உடைஞ்சிருக்கா மாமா?"

"ஒரு சேதமும் இல்ல."

"வால் எப்படி இருக்கு? வால் பலகை?"

"நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு."

மருமகளின் குரல் மாறியது.

"நேராவா மாமா?"

"ரொம்ப நேரா. கவலையே படாதே."

"மாமா, அது நேரா இருக்கக் கூடாது. இடது பக்கத்துக்கு அடியில சின்னதா ஒரு மரச் சிம்பு வெச்சு, வேணும்னே கோணலா ஒட்டியிருந்தேன். வால் கோணலா இருந்தாத்தான் கிளைடர் வட்டம் போடும். நேரா இருந்தா நேராப் போயிடும். அப்ப யாரோ சிம்பை உருவிட்டு வாலைப் படிய ஒட்டியிருக்காங்க. நான் சொன்னது சரிதானே மாமா? அதைச் செஞ்சவன் கையை ஒடிக்கணும்."

சர்வேயர் தன் வலது கையைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று அவருக்கு உடனே புரியவில்லை. கைக்குப் புரிந்திருந்தது.

"அஞ்சு மணிக்குச் சங்கத்துக்கு வந்துடறேன். ரொம்ப நன்றி மாமா" என்று மருமகள் வைத்துவிட்டாள்.

பல்செட் நீலக் கிளைடரை வெளிச்சத்தில் பிடித்து வாலருகே மூக்கை வைத்துப் பார்த்தான். தினமும் பல் இடுக்கு பார்க்கிற கண்.

"கெடுக்க வந்தவன் வேலை மாதிரி இல்லையே. பசை ஒரு சொட்டு வெளியில வழியல. ஒட்டின இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேச்சு வேற விட்டிருக்கான். குலதெய்வத்துக்குச் செய்யற மாதிரி பயபக்தியாச் செஞ்சிருக்கான்." அவன் கண்ணைச் சுருக்கினான். "வாலோட ரெண்டு நுனியிலயும் பென்சில்ல ஒரு குறி. சின்னக் கோடு, பக்கத்துல புள்ளி. அத்தான், இந்தக் குறியை நான் எங்கயோ பாத்திருக்கேன்."

சர்வேயர் ஜன்னல் வழியாக உலரும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்காவோட சமையலறை டப்பா ஒவ்வொண்ணுலயும் இருக்கு" என்றான் பல்செட் மெதுவாக. "கேஸ் சிலிண்டர்ல இருக்கு. என் கல்யாண போட்டோவுக்குப் பின்னாடி இருக்கு, நேரா மாட்டியாச்சுன்னு. பேக்கரிக்காரரோட விமானத்துல இல்ல. இதுல இருக்கு."

கோடும் புள்ளியும். அளந்தாயிற்று, சரியாக இருக்கிறது என்று பொருள். முப்பத்து நான்கு வருடம் ஒவ்வொரு வரைபடத்தின் ஓரத்திலும் சர்வேயர் போட்ட குறி.

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்கு முழுதாக நினைவு வந்தது. சாப்பாட்டு மேசை. மருமகள் குளிக்கப் போயிருந்தாள். மேசைமேல் கிளைடர், வால் ஒருபக்கம் தூக்கிக்கொண்டு. அடியில் தூசிபோல ஏதோ சிம்பு சிக்கியிருந்தது. பாவம், அவசரத்தில் கவனிக்கவில்லை போலும் என்று நினைத்தார். அதை உருவிக் குப்பையில் போட்டார். நில அளவை முகாமில் மேசைகளை ஒட்டும் பசையில் ஒரு சொட்டு விட்டு, நூலால் இரண்டு பக்கமும் அளந்து, குறி போட்டார். ஐந்து நிமிட வேலை. நாட்காட்டியை நேராக்குவதுபோல, வாசலில் செருப்பை ஜோடி சேர்ப்பதுபோல. அதைத் தொட்டதாகவே அவர் கணக்கில் வைக்கவில்லை. தொடுவது என்றால் கெடுப்பது. அவர் சரி செய்தார்.

வீட்டில் இருந்த அத்தனை பேரையும் விசாரித்தவர் ஒரே ஒருவரை மட்டும் விசாரிக்கவில்லை. அந்த ஒருவர் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவர் என்று எடுத்த எடுப்பிலேயே முடிவு செய்துவிட்டார்.

"ஆறு வழக்கு" என்றான் பல்செட். "முதல் தடவையா குற்றவாளி பிடிபட்டிருக்கான். பாராட்டணும்."

சர்வேயர் சிரிக்கவில்லை. லாண்டரியின் மர முக்காலியில் உட்கார்ந்தார். முதுகு கொஞ்சம் வளைந்தது.

பல்செட் அதைப் பார்த்தான். கேலியை விழுங்கினான். கிளைடரை அவர் முன்னால் வைத்து, குரலைத் தாழ்த்தினான். "அத்தான், பென்சில் குறிதானே. கட்டை விரலை எச்சில்ல தொட்டுத் தேச்சா போயிடும். நானும் பாக்கல, நீங்களும் பாக்கல. வால் நேரா இருக்கு, மூடியை மூடினவர் பேக்கரிக்காரர். செயலாளர் அம்மா விதிப் புத்தகத்தைத் திறப்பாங்க, அவர் வெளிய போவாரு. நாளைக்கு நம்ம பொண்ணு பறக்க விடுவா. நீங்க சொன்னீங்கன்னா என்ன ஆகும்? வேற கை பட்ட மாடல். அவ பேரை அடிச்சுடுவாங்க. ஒரு வருஷம் பண்ணினா அதை."

அதுதான் நிலவரம். சொன்னால் மருமகளின் ஒரு வருட உழைப்புப் போகும். சொல்லாவிட்டால் செய்யாத தப்புக்கு ஒரு மனிதர் போவார். எப்படிப் பார்த்தாலும் ஒரு கோட்டுக்கு இரண்டு முனைதான்.

சர்வேயர் கட்டை விரலை நாக்கில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"மணி என்ன?"

"நாலரை."

"வண்டியை எடு."

சங்கம் என்பது மைதானத்தின் மூலையில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே நீள மேசை, அதன்மேல் தராசு, பசைப் புட்டிகள், பிளேடுகள், சுவரில் கோப்பைகள். மேசையின் தலைப்பக்கம் செயலாளர் அம்மாள், கழுத்தில் ஸ்டாப்வாட்சோடு. ஒரு பக்கம் பேக்கரிக்காரர், முன்கையில் மாவு காய்ந்திருந்தது. மறுபக்கம் மருமகள். மாமனார் இரண்டு கிளைடர்களோடு உள்ளே வந்ததும் அவள் முகம் மலர்ந்தது. சர்வேயருக்கு அன்று பார்த்ததிலேயே மிகக் கஷ்டமான காட்சி அதுதான்.

வெண்ணெய் நிறக் கிளைடரைக் கண்டதும் பேக்கரிக்காரர் முகம் வெளிறியது. அதை யாரும் கவனிக்கவில்லை, பல்செட்டைத் தவிர.

"ஆதாரம் இருக்கா?" என்றார் அம்மாள்.

"இருக்கு" என்றார் சர்வேயர். நின்றபடியே பேசினார். "வால்ல கை வெச்சது உண்மை. சிம்பை உருவினதும், நேரா ஒட்டினதும் உண்மை. அந்தப் பொண்ணு சொன்னது அதுவரைக்கும் சரி. கை மட்டும் இவரோடது இல்ல. என்னோடது."

கொட்டகையில் யாரோ இருமினார்கள்.

"மாமா" என்றாள் மருமகள். "நீங்களா?"

"கோணலா இருந்துச்சும்மா."

"நானும் அவசரத்துல வாலைப் பாக்காமப் பறக்க விட்டுட்டேன். ஆனா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா."

"எனக்குக் கேக்கற பழக்கம் இல்லம்மா" என்றார் சர்வேயர். அதைச் சொல்லும்போதுதான் அது எவ்வளவு பெரிய குறை என்று அவர் காதிலேயே விழுந்தது.

அவர் செயலாளர் அம்மாளிடம் ஒரு தாள் கேட்டார். கோடு போடாத வெள்ளைத் தாளைத்தான் கொடுத்தார்கள். பேக்கரிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி எழுதினார், கையெழுத்துப் போட்டார், மேசைமேல் அவர் பக்கமாகத் தள்ளினார். அதன் கீழ் மருமகளும் கேட்காமலேயே கையெழுத்துப் போட்டாள்.

பேக்கரிக்காரர் தாளைப் படிக்கவில்லை. "ஆறு நாளா கடைக்கு வர்றவங்க எல்லாம் பன்னைப் பாக்கறதில்ல. என் கையைத்தான் பாக்கறாங்க" என்றார். "ஆனா நானும் ஒண்ணு சொல்லணும். மூடியை நான் திறந்தது நிஜம். தொடல. எட்டிப் பாத்தேன். போன வருஷம் ரெண்டு வினாடியில ஜெயிச்சவனுக்குத் தூக்கம் வராதும்மா. பாத்தா வால் நேரா இருக்கு. எப்பவும் கோணலா வெக்கிற பொண்ணு நேரா வெச்சிருக்கு, ஏதோ புது வித்தைன்னு நெனச்சேன்." அவர் வெண்ணெய் நிறக் கிளைடரைப் பார்த்தார். "இந்தப் பொண்ணோடது சுவரைத் தாண்டிப் போனப்பகூட, காத்துதான் தூக்கிட்டுப் போச்சு, இல்லன்னா ஜெயிச்சிருக்கும்னு நெனச்சேன். வீட்டுக்குப் போய் என்னோடதையும் நேராக்கிட்டேன்."

"திங்கக்கிழமை இதே மைதானத்துல பறக்க விட்டீங்க" என்றான் பல்செட்.

"கோடு போட்ட மாதிரி போச்சு" என்றார் பேக்கரிக்காரர்.

முதலில் சிரித்தது செயலாளர் அம்மாள். அவர் சிரித்து அந்தக் கொட்டகையில் யாரும் பார்த்ததில்லை. பிறகு மருமகள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. சர்வேயர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. தன்னுடைய ஒரு தவறை நம்பி ஊரில் இன்னொருவரும் விமானத்தைத் தொலைத்திருக்கிறார் என்பது அவமானமா பெருமையா என்று அவருக்குத் தீர்மானிக்க முடியவில்லை.

அம்மாள் விதிப் புத்தகத்தை மறுபடி திறந்ததும் சிரிப்பு நின்றது. "வேற கை பட்ட மாடல். விதி விதிதான். பேரை அடிக்கணும்."

"அந்தக் கை பட்டதைப் பிச்சு எடுத்துட்டா?" என்றார் பேக்கரிக்காரர். "உங்க முன்னாலயே, அந்தப் பொண்ணு கையாலயே எடுத்துட்டு, அதுவே திரும்ப ஒட்டினா, அப்புறம் அது யாரோட மாடல்? நாளைக்கு இந்தப் பொண்ணு இல்லாம நான் ஜெயிச்சேன்னா ஊர் இன்னும் என் கையைத்தான் பாக்கும். அது எனக்கு வேண்டாம்."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார். பக்கத்தைத் திருப்பினார். "தடை சொல்லி எதுவும் எழுதல" என்றார். "ஆனா உடம்பு விரிசல் விட்டுதுன்னா அவ்வளவுதான். நான் பொறுப்பில்ல."

மருமகள் பிளேடை எடுத்தாள். வாலுக்கும் உடம்புக்கும் நடுவில் வைத்து அழுத்தினாள். நகரவில்லை. மறுபக்கம் வைத்து அழுத்தினாள். நெற்றியில் வேர்த்தது.

"என்ன பசை மாமா இது?"

"முகாம் மேசைக்கு ஒட்டறது."

"நான் செய்யற பல்லுக்குக்கூட இவ்வளவு பிடிப்பு கிடையாது" என்றான் பல்செட். "நாளைக்கே அத்தானைக் கடையில சேத்துக்கறேன்."

சர்வேயர் கை தன்னையறியாமல் மேசைப் பக்கம் நீண்டது.

"மாமா, கை" என்றாள் மருமகள், நிமிராமல்.

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டார். பிளேடு மயிரிழை மயிரிழையாக உள்ளே போயிற்று. மரம் முனகியது. ஒரு சின்ன வெடிப்புச் சத்தம். சர்வேயர் கண்ணை மூடினார். திறந்தபோது வால் தனியாக மருமகள் கையில் இருந்தது. உடம்பில் அரிசி அளவு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அவள் அதில் நகத்தை ஓட்டிப் பார்த்தாள்.

"தாங்கும்" என்றாள்.

அம்மாள் பட்டியலில் கடைசி வரியில் அவள் பெயரை எழுதினார்.

மருமகள் ஒரு மரச் சீவலைக் கிழித்து இடது பக்கம் அடியில் வைத்தாள். வாலை அதன்மேல் படுக்கவைத்து, ஒட்டுவதற்கு முன் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு தூக்கிக் காட்டினாள்.

"மாமா, எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. நீங்க பாத்துச் சொல்லுங்க. நேரா இருக்கா?"

சர்வேயர் கையைப் பின்னாலேயே கட்டிக்கொண்டு, முதுகை வளைத்து, மேசை மட்டத்துக்குக் குனிந்தார். ஒரு கண்ணை மூடினார். எத்தனையோ எல்லைக் கற்களைப் பார்த்த கண்ணால் வெகுநேரம் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார். "நல்லாக் கோணலா இருக்கு."

"அப்பச் சரி" என்று அவள் பசையை எடுத்தாள்.